வலது பின்சில்லும் ஒரு டொக் சத்தமும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேரும் நன்றாகப் படித்தார்கள். படித்து முடித்த பிறகு, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று கண்டுபிடித்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவர்களுடைய ஆராய்ச்சியை மறுத்துப் பேச எனக்குத் தகுதி போதாது.

பேக்கரித் தொழிற்சாலையில் நான் பாண் அடுக்கிய கதையைப் போன கிழமைப் பத்திரிகையில் வாசித்துவிட்டு, "அம்மாவுக்கு எல்லாரிலையும் கோவம் போலை" என்று ஒரு வாசகி சொல்லியனுப்பியிருந்தா. கோபம் இல்லைப் பிள்ளை. கோபம் இருந்திருந்தால் பெயரும் விலாசமும் போட்டல்லவா எழுதியிருப்பேன்.

இந்தக் கிழமை ஒரு சத்தத்தைப் பற்றி எழுதுகிறேன்.

எனக்குக் கீழே

இரண்டு வருசத்துக்கு முந்தி, கனடாவில் கோடை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு மோர்னிங்சைட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மூத்த மகன் குகன் வான் வண்டியை ஓட்டுகிறான். பக்கத்தில் மருமகள் வதனி. நடுச் சீட்டுகளில் வதனியின் தங்கையும் புருஷனும், அவர்களோடு வந்த ஒரு மாமியும். கடைசி வரிசையில் குகனின் மகள், என் பேத்தி அபியும் நானும். நான் வலது பக்கம்.

காலை நீட்ட வசதி என்று சொல்லித்தான் என்னைக் கடைசி வரிசையில் ஏற்றுவார்கள். உண்மையில், என் வாய் முன்சீட்டுக்குக் கேட்காத தூரம் அது.

மடியில் அர்ச்சனைத் தட்டம். உடைத்த தேங்காயின் தண்ணீர் காய்ந்து சீலையில் பிசுபிசுக்கிறது. எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் குளிர்காலம் விட்டுப்போன ஒரு குழி இருக்கிறது. அதில் வான் இறங்கி ஏறியது.

டொக்.

ஆட்டிறைச்சிச் சட்டியை அகப்பையால் பிரட்டும்போது எலும்பு அடிச்சட்டியில் முட்டுமே, அந்தச் சத்தம். பெரிய சத்தமில்லை. ஆனால் கேட்டவளுக்கு மறக்காது.

"குகன், பின்பக்கத்தாலை ஒரு சத்தம் வருது" என்றேன்.

"எந்தப் பின்பக்கம் அம்மா?"

"எனக்குக் கீழை."

வான் முழுக்கச் சிரித்தது. வதனியின் தங்கை புருஷன் இருமி இருமிச் சிரித்தார். கோயில் பொங்கலை அவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டிருந்தார். சிரிப்பதற்கு வேண்டிய பலம் அவரிடம் இருந்தது.

"அப்பம்மா, யூ கான்ட் ஸே தட்" என்றாள் அபி, காதிலிருந்த வயரை எடுக்காமலே.

"உங்கடை காதுதானம்மா அது" என்றான் குகன். "போன வருசம்தானே ஒப்பரேஷன் செய்தது. உள்ளுக்கை ஏதும் அடிக்கும்."

காதின் கதை

காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒப்பரேஷன் செய்தது இடது காதில். இனி விமானம் ஏறக் கூடாது, உள்ளே அழுத்தம் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வலது காதுக்கு ஒரு குறையும் கிடையாது. எந்த முதியோர் இல்லத்தில் சோறு கறி கொடுக்கிறார்கள் என்று பக்கத்து அறையில் மெல்லப் பேசினாலும் அதற்குக் கேட்கும்.

விமானம் ஏற முடியாது என்பதுதான் அந்தக் கோடையில் எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

என் கடைக்குட்டி தர்சினி, தண்டர் பே நகரத்தையும் தாண்டிக் காட்டுக்குள் இருக்கிற ஒரு சின்ன ஊரில் நேர்ஸ். மாப்பிள்ளைக்கு அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை. தங்கச் சுரங்கம் என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம். மகளின் கழுத்தில் இன்றைக்கும் நான் போட்ட சங்கிலிதான் கிடக்கிறது.

தர்சினிக்கு இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் போய்விட்டது. அந்த நேரம் நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு இங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். இதைப் பற்றி நான் வேடிக்கையாக எழுதமாட்டேன்.

இந்த முறை எட்டாம் மாதம் தொடங்கியதும் தொலைபேசியில் சொன்னாள்: "அம்மா, இந்த முறை நீங்கள் பக்கத்திலை நிக்கவேணும்."

ஐந்து பிள்ளைகளில் என்னை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவள் அவள் ஒருத்திதான். மற்ற நாலு பேரும் கேட்கவில்லை. தேவை வந்தபோது தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

ஆகவே வானில் போவது என்று முடிவானது. இரண்டு நாள் ஓட்டம். ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் கடல் மாதிரிக் கிடக்கிற ஏரி, நடுவில் மூஸ் என்கிற, மாடு மாதிரிப் பெரிய மான்கள். அங்கே பெரும்பாலான இடத்தில் தொலைபேசி வேலை செய்யாது. வான் நின்றால் நின்றதுதான். அடுத்த வாகனம் வரும்வரை மரத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்று குகனே சொல்லியிருந்தான்.

சத்தத்தைச் சொன்ன பிறகுதான் நான் யோசித்தேன். வானில் பிழை இருந்தால் பயணம் நிற்கும். பயணம் நின்றால் தர்சினிக்குப் பக்கத்தில் நான் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பழக்கம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

என் சம்பந்தி

நான் போகாவிட்டால் என்ன, அங்கே நிற்க ஆள் தயாராக இருந்தது. மாப்பிள்ளையின் தாய். எங்களுக்குக் கிட்ட, வோபர்னில் இருக்கிறா. நல்ல மனிசி. ஊரிலும் அப்படித்தான் சொல்லுகிறார்கள், அவவும் அப்படித்தான் சொல்லுகிறா.

கலியாணத்தன்று எங்கள் பக்கத்துப் பலகாரத் தட்டுகளைப் பார்த்து, "சின்னக் குடும்பம்தானே, இது போதும்" என்று ஒரு சொல் சொன்னவ. அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அவ உடுத்திருந்தது மாம்பழக் கலர்ச் சீலை, பச்சைக் கரை.

சத்தத்தின் செய்தி எப்படியோ வோபர்னுக்குப் போய்ச் சேர்ந்தது. உடனே அழைப்பு வந்தது.

"வான் சரியில்லையாமே சம்பந்தி. நீங்கள் அந்தரப்படாதேங்கோ. நான் பிளேனிலை போய் நிக்கிறன். பிள்ளைப்பெத்தவளுக்குக் காயச் சரக்கு அரைக்கிறது, பத்தியம் வைக்கிறது, பிள்ளைக்குத் தண்ணி வார்க்கிறது எல்லாம் நான் பாப்பன். நீங்கள் ஆறுதலா வாங்கோ."

ஆறுதலாக வாங்கோ. அவசரமில்லை, மெல்ல வந்தால் போதும் என்று அர்த்தம். இந்த உலகத்தில் அதைவிடக் கெட்ட வார்த்தையை நான் கேட்டதில்லை. தொழிற்சாலையில் போர்மன் சொன்னவை எல்லாம் இதற்குக் கிட்டவும் வராது.

பட்டு வேட்டி மெக்கானிக்குகள்

எங்கள் ஆம்பிளைகளுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. கணக்காளராக இருக்கட்டும், பல் டொக்டராக இருக்கட்டும், வாகனம் என்று வந்தால் எல்லாரும் மெக்கானிக். கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் பத்தாம் கையாக ஒரு பழைய காரை வாங்கி, அதைத் தள்ளித் தள்ளியே பட்டம் பெற்றவர்கள்.

அடுத்த சனிக்கிழமை மார்க்கம் பக்கத்து மண்டபம் ஒன்றில் ஒரு கலியாணம். தாலி கட்டி முடிந்ததும் குகன் வாயை விட்டுவிட்டான்: "அம்மா ஏதோ பின்னாலை டொக் எண்டு கேக்குது எண்டு நிக்கிறா."

அவ்வளவுதான். பந்தியை விட்டுவிட்டுப் பார்க்கிங்குக்குப் பட்டு வேட்டிகள் வரிசையாக இறங்கின.

ஒருவர் வங்கியில் கடன் பகுதி. வானின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமத்தி அமத்தி ஆட்டினார். "ஷொக் அப்சோபர் போயிட்டுது மச்சான். வேறை கதையில்லை."

இன்னொருவர் வீடு விற்பவர். "ஷொக் இல்லையடா, உது சைலன்சர். கம்பி அறுந்து தொங்குது. பேசாமல் வித்துப்போட்டுப் புதுசு எடு. எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு." வீட்டுக்கும் அவர் இதே வைத்தியம்தான் சொல்லுவார்.

மூன்றாமவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வானுக்கு அடியில் தலையை விட்டார். வெளியே வரும்போது வேட்டியில் கறுப்பாக ஒரு கை அடையாளம். அதைக் கண்ட அவருடைய மனைவி போட்ட சத்தம் வான் போட்டதைவிடப் பெரிது.

"அன்ரி, எங்கை, நான் ஒருக்கா ஓடிப்பாக்கிறன்" என்று வங்கிக்காரர் வானின் திறப்பை வாங்கி, பார்க்கிங்கைச் சுற்றி இரண்டு வட்டம் ஓட்டிவிட்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமே இல்லை அன்ரி."

"நீர் தனியத்தானே ஓடினீர். என்னை ஏத்தியிருந்தால் கேட்டிருக்கும்" என்றேன்.

நான் அதைக் கோபத்தில்தான் சொன்னேன். உண்மை அதற்குள் இருந்தது எனக்கும் தெரியாது.

ரஞ்சனின் கராஜ்

வோபர்னில், ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால், ரஞ்சன் என்கிறவனின் கராஜ் இருக்கிறது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அங்கேதான் வாகனத்தை விடுவது. வேறு இடத்தில் விட்டால் கோபித்துக்கொள்வான். கலியாண வீட்டில் முகம் கொடுக்கமாட்டான். வாகனம் திருந்துகிறதோ இல்லையோ, உறவு பழுதாகக் கூடாது அல்லவா.

ரஞ்சனுக்குக் கை ஒரு வேலை செய்யும், வாய் மூன்று வேலை செய்யும். தோளுக்கும் காதுக்கும் நடுவில் எப்போதும் ஒரு போன். வானை மேலே உயர்த்தினான். நாலு சில்லும் அந்தரத்தில் தொங்கின. ஒரு நீளக் கம்பியை விட்டு அங்கே நெம்பினான், இங்கே தட்டினான். பழைய எண்ணெய் மணத்துக்குள் நின்று நானும் அண்ணாந்து பார்த்தேன்.

"அம்மா, பின்னுக்கு ஒண்டுமில்லை. முன்னுக்கு லிங்க் எண்ட இணைப்புக் கம்பி ஒண்டு கொஞ்சம் ஆடுது. அதை மாத்திவிடுறன்."

"சத்தம் பின்னாலையல்லோ வருது தம்பி?"

"முன்னாலை வாற சத்தம் பின்னாலை கேக்கும் அம்மா. இரும்புக்குள்ளாலை ஓடி வரும். உங்களுக்கு விளங்காது."

எனக்கு விளங்கவில்லைத்தான். என் சட்டி அடுப்பில் கரிந்தால் பக்கத்து வீட்டில் மணக்கலாம். ஆனால் கரிந்தது என் சட்டிதானே. இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் தோளிலிருந்த போனுடன் பேசத் தொடங்கிவிட்டான்.

லிங்க் மாற்றியாயிற்று. குகன் தனியே வேலைக்குப் போய்வந்தான். சத்தம் இல்லை. "பாத்தீங்களே?" என்றான். அடுத்த ஞாயிறு எல்லாரும் ஏறிக் கோயிலுக்குப் போனோம். அதே குழி, அதே டொக்.

என் பக்கத்தில் இருந்த அபி காதிலிருந்த வயரைக் கழற்றினாள். என்னைப் பார்த்தாள். பிறகு திரும்ப மாட்டிக்கொண்டாள். சாட்சி சொல்வதென்றால் பாட்டை நிறுத்த வேண்டும். அவ்வளவு தியாகம் அந்த வயதில் யாரும் செய்வதில்லை.

சாமான் புறப்பட்டது

குகனுக்கு லீவு சனிக்கிழமை தொடங்குகிறது. பஞ்சாங்கத்தைப் பார்த்தால் சனிக்கிழமை அட்டமி. அட்டமியில் நான் கடைத்தெருவுக்கே போகமாட்டேன். பிள்ளை பிறக்கிற வீட்டுக்கு எப்படிப் புறப்படுவது? நல்ல நேரம் வியாழக்கிழமை காலையில் இருந்தது.

"வியாழன் எனக்கு மீற்றிங் அம்மா. அட்டமி, நவமி எல்லாம் ஒபிசுக்கு விளங்காது."

அதற்கு எங்களிடம் வழி இருக்கிறது. ஆள் புறப்பட முடியாவிட்டால், கொண்டுபோகிற சாமானை நல்ல நேரத்தில் வீட்டை விட்டு வெளியே அனுப்பிவிடுவது. சாமான் புறப்பட்டால் ஆளும் புறப்பட்ட கணக்கு. ஐயர்மார் இதைப் பரஸ்தானம் என்பார்கள். ஒரு நிபந்தனை உண்டு: வெளியே போன சாமான் திரும்ப வீட்டு வாசல்படி ஏறக் கூடாது. அயலவர் வீட்டில் கொண்டுபோய் வைப்பதுதான் முறை. எங்கள் அயலவர் ஒரு சீனக் கிழவர். அவரிடம் அரிசி மூட்டையைக் கொடுத்து அட்டமியை விளங்கப்படுத்த என்னால் முடியாது. ஆகவே வியாழன் காலை, பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, எல்லாவற்றையும் வானுக்குள் ஏற்றுவித்தேன்.

எல்லாம் என்றால் அதிகமில்லை. ஒரு மூட்டை அரிசி. பத்தியச் சரக்கு. வறுத்து இடித்த தூள். நல்லெண்ணெய்ப் போத்தல்கள். தேங்காய். கல்லுக் கிறைண்டர். தண்ணீர் சுடவைக்க ஒரு பெரிய அண்டா. காட்டுக்குள் அண்டா விற்பார்கள் என்று யார் உத்தரவாதம் தருவது?

அன்றைக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போயிருந்த குகன் வந்து பின்கதவைத் திறந்து பார்த்தான். வானின் பின்பக்கம் கோழி முட்டையில் இருப்பதுபோலத் தரையைத் தொட்டுக்கொண்டு இருந்தது.

"அம்மா, தர்சினியைப் பாக்கப் போறமோ, இல்லாட்டி அங்கை கடை போடப் போறமோ?"

"நாளைக்கு எண்ணெய் மாத்த ரஞ்சனிட்டைக் கொண்டுபோகவேணும் எண்டு நீ சொன்னனியெல்லே. நானும் வாறன்."

"நீங்கள் ஏன்?"

"சாமானுக்குக் காவல்."

இறக்கச் சொன்னான், நான் மறுத்தேன்

வெள்ளிக்கிழமை காலை ரஞ்சன் பின்கதவைத் திறந்ததும் போனையே கீழே வைத்துவிட்டான். அவன் காதை நான் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்ன அம்மா இது? இதையெல்லாம் இறக்கித் தாங்கோ. பாரத்தோடை நான் வேலை செய்யேலாது."

"இறக்கேலாது தம்பி. அது நேற்றே புறப்பட்டிட்டுது."

"என்னது புறப்பட்டிட்டுது?"

குகன் தலையில் கை வைத்தான். நான் பரஸ்தானத்தை விளங்கப்படுத்தினேன். ரஞ்சன் கேட்டுவிட்டு, "என்ரை அம்மாவும் உப்பிடித்தான்" என்று முணுமுணுத்தான். அதை மரியாதையாகச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. எடுத்துக்கொண்டேன்.

"அப்ப நீங்களாவது இறங்குங்கோ அம்மா. நான் ஒரு சுத்து ஓடிப்பாத்திட்டு வாறன்."

"நானும் புறப்பட்ட சாமான்தான். நீர் ஓட்டும்."

அவனும் குகனும் முன்னால், நானும் அண்டாவும் பின்னால். கராஜுக்குப் பின்புறம் ஒரு ரயில் கடவை இருக்கிறது. தண்டவாளத்தில் முன்சில்லு ஏறி இறங்கியது. பின்சில்லு ஏறி இறங்கியது.

டொக்.

ரஞ்சன் வானைத் திருப்பி, திரும்பவும் தண்டவாளத்தில் ஏற்றினான். டொக். மூன்றாம் தரமும் ஏற்றினான். அது அவனுக்காக இல்லை, குகனின் முகத்தைப் பார்ப்பதற்காக என்று நினைக்கிறேன்.

"தம்பி, இது என்ரை காதோ?" என்று கேட்டேன்.

"இல்லை அம்மா" என்றான் ரஞ்சன். குகன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். வெளியே ஒரு வேலி மட்டும்தான் இருந்தது.

இந்த முறை வானைத் தூக்கவில்லை. பாரத்தோடு சரிவுப் பலகையில் ஏற்றி, சில்லு நிலத்தில் நிற்கிற மாதிரியே வைத்து, வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கீழே படுத்தான். அவனுடைய சப்பாத்து இரண்டும் வெளியே தெரிந்தன. கொஞ்ச நேரம் அவை அசையவில்லை.

"ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு."

வலது பின்சில்லுக்கு மேலே இருக்கிற சுருள் ஸ்பிரிங். அடிச்சுற்று, கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், துருவுக்குள் மறைந்து உடைந்திருக்கிறது. குளிர்காலம் முழுக்கப் பனி உருக றோட்டில் கொட்டுகிற உப்பின் வேலை. பாரம் இல்லாவிட்டால் உடைந்த துண்டு தன் இடத்தில் பேசாமல் இருக்கும். பாரம் ஏறிக் குழியில் விழுந்தால் மாத்திரம் இரண்டு துண்டும் முட்டும். மேலே தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டால் ஒன்றுமே தெரியாது.

இதையெல்லாம் ரஞ்சன், தனக்கு முதல் நாளே தெரிந்த விஷயம் மாதிரிச் சொன்னான். நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன். அட்டமிக்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அவன் உப்பைத் திட்டிக்கொண்டிருந்தான்.

நில் என்று சொன்னவள்

"என்ன நடக்கும்?" என்று கேட்டான் குகன்.

"ஒண்டும் நடக்காமலும் போகலாம். இல்லாட்டி துண்டு வெளியிலை வந்து ரயரைக் கிழிக்கும். ஹைவேயிலை எண்டால்..." ரஞ்சன் மிச்சத்தைச் சொல்லவில்லை. வாயாடிக்கும் நிறுத்த வேண்டிய இடம் தெரிந்திருந்தது.

புது ஸ்பிரிங் கையில் இல்லை. எடுப்பித்துப் போட, கிழமை முடிவும் இடையில் வருவதால், செவ்வாய் ஆகிவிடும். தர்சினிக்கு நாள் நெருங்கிவிட்டது.

குகன் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனான். இந்த முறை குரலில் கேலி இல்லை.

"அம்மா, சாமானை இறக்கி வைச்சால் பாரம் குறையும். மெல்ல மெல்லப் போகலாம். அவன் சொன்னமாதிரி ஒண்டும் நடக்காமலும் போகலாம். தர்சினி உங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறாள்."

எனக்கு அந்த நேரம் ஓம் என்று சொல்ல எவ்வளவு ஆசை இருந்தது என்பதை எழுத்தில் போட முடியாது. அரிசி மூட்டை வேண்டாம், அண்டா வேண்டாம், அட்டமியும் வேண்டாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். முதல் தரம் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு வீட்டுக்குப் போனபோது, வாசலில் நான் நிற்கவில்லை.

குகனின் பின்னால் வானைப் பார்த்தேன். நாளைக்கு அதில் ஏறப்போகிறவள் நான் மாத்திரமில்லை. என் பக்கத்துச் சீட்டில், அதே சில்லுக்குக் கிட்ட, அபி காதில் வயரோடு இருப்பாள்.

"நில்" என்றேன். "ஸ்பிரிங் வரட்டும்."

"அம்மா..."

"ஒரு பிள்ளையைப் பாக்கப் போறதுக்கு இன்னொரு பிள்ளையை வைச்சு விளையாடேலாது. வீட்டை போவம்."

அன்று பின்னேரம் தர்சினியை அழைத்து நானே சொன்னேன்.

"அம்மா, உண்மையா வான்தானோ? உங்களுக்கு ஒண்டுமில்லையே?"

"எனக்கு ஒண்டுமில்லை. வானுக்குத்தான் முழங்கால் உடைஞ்சுது."

அவள் சிரிக்கவில்லை. "சரியம்மா. கவனமா வாங்கோ" என்றாள். போனை வைக்க முதல் மூக்கை உறிஞ்சிய சத்தம் என் வலது காதில் தெளிவாகக் கேட்டது. அன்றைக்கு மாத்திரம் எனக்கு இரண்டு காதும் செவிடாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை என் சம்பந்தி விமானம் ஏறினா. ஏறமுன்பு அழைத்து, "ஆறுதலா வாங்கோ" என்று திரும்பவும் சொன்னா.

வந்து சேர்ந்த இடம்

செவ்வாய் மத்தியானம் புது ஸ்பிரிங் போட்டு, நிறைந்த வானோடு அதே தண்டவாளத்தில் ஏறிப் பார்த்து, சத்தமில்லை என்று நான் தலையாட்டிய பிறகுதான் குகன் ஹைவேயைப் பிடித்தான். ரஞ்சன் என் தலையாட்டலுக்காகக் காத்துக்கொண்டு நின்றதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

இரண்டாம் நாள் பாதி வழியில், ஏரிக் கரையில் ஒரு பெற்றோல் ஷெட். பல மணி நேரத்துக்குப் பிறகு குகனின் போனுக்கு உயிர் வந்தது. வந்ததும் அது விடாமல் கத்தியது. மாப்பிள்ளை அனுப்பிய படங்கள்; அவர்கள் ஊரில் முதல் நாள் முழுக்க லைன் இல்லாததால் பிந்தி வந்தவை. ஆண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். பிறந்தது முதல் நாள் காலை. நாங்கள் ஸ்பிரிங்குக்குக் காத்துக்கொண்டிருந்த நேரம்.

குகன் என்னைப் பார்த்தான். நான் அவனுக்கு, கோப்பிக் கோப்பையை வானுக்குள் வைக்காதே, சாமானில் சிந்தும் என்று ஏசினேன். அபி என் சீற் பெல்ற்றை மாட்டிவிட்டாள்.

வீட்டுக்குப் போய்ச் சேர அடுத்த நாள் காலை. பிள்ளையும் தாயும் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார்கள். வாசலில் என் சம்பந்தி நின்றா. கையில் பிள்ளை. முதல் பிடித்தவ, முதல் சமைத்தவ, தாய்க்கு முதல் பால் கஞ்சி கொடுத்தவ. நான் வழி முழுக்க அவவுக்குச் சொல்ல ஒரு சொல் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். நல்ல சொல். பலகாரத் தட்டுக்கும் சேர்த்துப் போதுமானது.

அவ படியால் இறங்கிவந்து பிள்ளையை என் கையில் தந்தா.

"இன்னும் வார்க்கேல்லை சம்பந்தி. ஆஸ்பத்திரியிலை துடைச்சுத்தான் விட்டவை. முதல் தண்ணி உங்கடை கையாலை எண்டு வைச்சிருக்கிறன்."

"ஏன், நீங்கள் வார்த்திருக்கலாமே?"

"எனக்கும் கை துருதுருத்ததுதான். ஆனால் அவள் நோவுக்குள்ளை கேட்டது உங்களையல்லோ. என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அம்மா எங்கை, அம்மா எங்கை எண்டாள். பத்திரமா வாறா எண்டு நான் சொல்லிக்கொண்டு நிண்டனான்."

தயார் செய்த சொல் எங்கே போனது என்று தெரியவில்லை. உள்ளே போனேன். தர்சினி கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் சின்னப் பிள்ளை மாதிரி வாயைக் கோணி அழுதாள். பிள்ளையோடு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். நான் பிந்தி வந்ததற்கு அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "வந்திட்டியள்தானே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிறகு சீலையை வரிந்து கட்டிக்கொண்டு, காலை நீட்டி, பேரனைக் காலில் கிடத்தி முதல் தண்ணீரை நான் வார்த்தேன். சம்பந்தி தண்ணீர் ஊற்றித் தந்தா. அவன் வீறிட்டுக் கத்தினான். நல்ல தொண்டை.

அதற்காக என் சம்பந்தி ஒரேயடியாகத் தெய்வம் என்று எழுத என்னால் முடியாது. தண்ணீரை அவ சூடு போதாமல்தான் வைத்திருந்தா. நான்தான் இன்னும் ஒரு செம்பு கொதிதண்ணீர் கலந்தேன்.

இவ்வளவுதான். அபி, இதை ஒருக்கா வாசி பிள்ளை, எங்கை பிழை விட்டிருக்கிறன் எண்டு பாப்பம். கராஜ் பகுதியை நல்லாச் சத்தமா வாசி, உன்ரை அப்பா மேல்மாடியிலைதான் நிக்கிறார். கடைசித் தண்ணிக் கதையை மாத்திரம் மெல்லமா வாசி. சம்பந்தி ஹோலுக்குள்ளை இருந்து, லீவுக்கு வந்து நிக்கிற பேரனுக்குச் சோறு தீத்துறா.